பாட்டை இணையத்தில் இலவசமாக விடலாமா? கலைஞர்களும் ரசிகர்களும் மனம்விட்டுச் சொல்லுங்கள்

பிறைக்காரன்

வணக்கம். பகலில் மலேசியாவின் பினாங்கில் உள்ள பிறை தொழிற்பேட்டையில் வேலை, இரவில் இசை. ஆறு பாடல்கள் கொண்ட தொகுப்பு ஒன்று தயாராகிவிட்டது. எப்படி வெளியிடுவது என்பதில்தான் எங்கள் வீட்டில் இரண்டு கட்சி.

மாமாவுக்குத் தெரிந்தது பழைய வழி. மண்டபம் எடு, டத்தோ பட்டம் பெற்ற பிரமுகர் ஒருவரை அழை, முதல் சிடியை அவர் கையில் கொடு, உறைகளில் வருவதைக் கொண்டு செலவை அடைத்துவிடு. சிடியைப் போட்டுக் கேட்க நம் தாமானில் (குடியிருப்பில்) எத்தனை வீட்டில் கருவி இருக்கிறது என்று கேட்டால் கோபப்படுகிறார். பாட்டைப் பாடிய என் சித்தப்பா மகனோ எல்லாவற்றையும் வலையொளியில் (யூடியூபில்) போடு, பதிவிறக்கமும் இலவசமாகக் கொடு, பெயர் பரவினால் மேடை தானாக வரும் என்கிறான்.

இரண்டிலும் எனக்கு மனம் ஒட்டவில்லை. இலவசமாகக் கொடுத்த கலைஞர்களே, அதனால் உங்களுக்கு என்ன கிடைத்தது? ரசிகர்களே, இலவசமாகக் கிடைத்த பாட்டைத் தந்தவனை நினைவில் வைத்திருக்கிறீர்களா? மரியாதைக்காகப் பொய் சொல்ல வேண்டாம்.

செந்தூல் ரசிகை

மரியாதைக்காகக்கூடப் பொய் சொல்ல மாட்டேன். யோகி பி, நட்சத்திரா குழுவின் ‘வல்லவன்’ ராப் தொகுப்பு 2006இல் வந்தபோது நான் இடைநிலைப்பள்ளி மாணவி. கையில் காசு கிடையாது. தோழியின் அண்ணன் கணினியில் பதிந்து கொடுத்த சிடியில்தான் கேட்டேன். அதன் பிறகுதான் நம் ஊரிலும் இப்படிச் செய்ய முடியும் என்று தெரிந்துகொண்டு மற்ற உள்ளூர்க் குழுக்களைத் தேடிப் போனேன். இப்போது சம்பாதிக்கிறேன். கோலாலம்பூரில் உள்ளூர்க் கலைஞர்கள் மேடையேறினால் டிக்கெட் எடுத்துத்தான் போகிறேன், இரண்டு தங்கைகளையும் இழுத்துக்கொண்டு. அன்று அந்தச் சிடி கிடைக்காமல் இருந்திருந்தால் இன்று இந்த டிக்கெட்டுகள் விற்றிருக்காது.

ஆகவே இலவசமாக விடுங்கள் என்பதே என் வாக்கு. கேட்காத பாட்டுக்கு யாரும் காசு கொடுக்கப் போவதில்லை.

கேசட் காலம்

உங்களைப் போன்ற நூறு பேருக்கு ஒருவர்தான் அம்மா பிறகு டிக்கெட் எடுக்க வருகிறார். மீதிப் பேரை எனக்கு நன்றாகத் தெரியும். கோலாலம்பூர் மஸ்ஜிட் இந்தியா பக்கம் நெடுங்காலம் கேசட், சிடி விற்றவன் நான். கடைக்கு வெளியே ஒலிபெருக்கியில் ஓடும் பாட்டை முழுவதும் நின்று கேட்டுவிட்டு, பத்து அடி தள்ளி பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) அதையே மூன்றில் ஒரு விலைக்கு வாங்கிப் போவார்கள். அரசாங்கம் 2000இல் ஒளித்தட்டுச் சட்டம் கொண்டுவந்தது, சிடி தயாரிக்கும் ஆலைகளுக்கு உரிமம் கட்டாயம் என்றது. அதிகாரிகள் சோதனைக்கு வந்தால் அன்று மட்டும் மேசை மறையும். மறுநாள் பழையபடி.

உள்ளூர்த் தொகுப்புகள்தான் முதலில் செத்தன. சினிமாப் பாட்டுக்குச் சென்னையில் படத் தயாரிப்பாளர் செலவைப் பார்த்துக்கொள்வார். இங்கே பாடியவனே கடன் வாங்கிப் போட்டது.

உறுமி பட்டர்வொர்த்

ஐயாவுக்கு வணக்கம். எங்கள் கணக்கு வேறு. நாங்கள் உறுமி மேளக் குழு. பாட்டை விற்று நாங்கள் ஒரு நாளும் சாப்பிட்டதில்லை. தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பவர், கோயில் திருவிழாக் குழு, கல்யாண வீட்டார், இவர்கள் தருவதுதான் வருமானம். அவர்கள் எங்களை எங்கே பார்க்கிறார்கள்? கைத்தொலைபேசியில். தண்ணீர்மலைக்குப் போகும் வழியில் எவரோ எடுத்த காணொலி புலன (வாட்ஸ்அப்) குழுக்களில் சுற்றி, ஜொகூரிலிருந்து ஒருவர் அழைத்து நாள் குறித்தார். அந்தக் காணொலியை எடுத்தவர் யார் என்றுகூட எங்களுக்குத் தெரியாது. அவருக்குத்தான் நாங்கள் காசு கொடுக்க வேண்டும்!

ஆனால் ஒன்று. நாங்கள் ஒலிப்பதிவுக் கூடத்தில் காசு போட்டுப் பதிந்த அம்மன் பாட்டு ஒன்றை ஒரு சேனல் எடுத்துப் போட்டது. குழுவின் பெயரை வெட்டிவிட்டு, தன் சின்னத்தை மூலையில் ஒட்டி, முன்னும் பின்னும் விளம்பரம். பார்வை எங்களுடைய பதிவைவிட அதற்கு அதிகம். ஒரு கல்யாணத்தில் அதே பாட்டை வாசித்தபோது ஒரு சிறுவன் வந்து “அண்ணே, இது அந்தச் சேனல் பாட்டுதானே, நீங்களும் நன்றாக வாசிக்கிறீர்கள்” என்றான். அன்று எனக்கு வந்த எரிச்சலுக்குக் காரணம் காசு இல்லை.

பிறைக்காரன்

அண்ணே, அந்தச் சேனலுக்கு எழுதிப் பார்த்தீர்களா?

உறுமி பட்டர்வொர்த்

எழுதினோம் தம்பி. “உங்களுக்கு விளம்பரம்தானே” என்று பதில் வந்தது. பிறகு வலையொளியிலேயே பதிப்புரிமைப் புகார் கொடுத்தோம், எடுத்துவிட்டார்கள். ஆனால் அதற்குள் பாட்டு ஊரெல்லாம் பரவிவிட்டது. இறக்கி வைத்துக்கொண்டவர்களிடம் இருப்பது பெயர் வெட்டிய பிரதி.

தோட்டப்பாட்டு சேமிப்பு

மற்றவர் பாட்டை ஏற்றும் கூட்டத்தைச் சேர்ந்தவன் நான், ஆனால் விளம்பரம் போடாத வகை. பழைய உள்ளூர்க் கேசட்டுகளைத் தேடி வாங்கி எண்மமாக்கி வைக்கிறேன். நம் ஊர் ஈரக் காற்றில் நாடா பூஞ்சை பிடித்து ஒட்டிக்கொள்கிறது. கேசட்டைத் திறந்து, நாடாவை வேறு கூட்டுக்கு மாற்றி, ஒருமுறை ஓடினால் போதும் என்று வேண்டிக்கொண்டு ஓட்ட வேண்டும். தோட்டத்துக் கோயில் திருவிழாவில் பாடிய குழுக்கள், மலாயா வானொலிக் காலத்துக் கலைஞர்கள் சொந்தமாக வெளியிட்டவை, இவற்றின் மூலநாடா பல நேரம் அந்தக் குடும்பங்களிடமே இல்லை. நாங்கள் ஏற்றிய ஒரு பாட்டின் கீழே “இது என் அப்பா குரல், வீட்டில் ஒரு பதிவுகூட இல்லை” என்று கிள்ளானிலிருந்து ஒரு பெண்மணி எழுதினார். கடையிலும் கிடைக்காது, வானொலியிலும் வராது என்ற பாட்டை நான் ஏற்றியதால் யாருக்கு நட்டம்?

அமெரிக்காவில் கிரேட்ஃபுல் டெட் என்ற இசைக்குழு தன் கச்சேரிகளை ரசிகர்கள் பதிவு செய்யத் தடை சொல்லாதது மட்டுமல்ல, 1984 முதல் அரங்கில் பதிவு செய்வோருக்குத் தனி இடமே ஒதுக்கியது. நிபந்தனை, பதிந்ததைப் பரிமாறிக்கொள்ளலாம், விற்கக் கூடாது. அந்த நிபந்தனையை ரசிகர்களே காவல் காத்தார்கள். நானும் அதையே பின்பற்றுகிறேன்.

கேசட் காலம்

உங்கள் வேலைக்குக் கும்பிடு. ஆனால் அந்த அமெரிக்கக் குழுவிடம் கேட்டுத்தான் பதிந்தார்கள். உங்களிடம் யார் சம்மதம் கொடுத்தார்?

தோட்டப்பாட்டு சேமிப்பு

குடும்பத்தைக் கண்டுபிடிக்க முடிந்தால் கேட்கிறேன். வேண்டாம் என்றால் எடுத்துவிடுகிறேன். ஐயா, நானும் ஒன்று கேட்கலாமா? உங்கள் காலத்துக் கடைகளில் விருப்பப் பாட்டைத் தாளில் எழுதிக் கொடுத்தால் வெற்றுக் கேசட்டில் பதிந்து தருவார்களே, அதற்கு யாரிடம் சம்மதம் வாங்கினீர்கள்?

கேசட் காலம்

ஹா! பதிந்தோம். பக்கத்துக்கு ஆறு பாட்டு, கடைசிப் பாட்டு பாதியில் அறுந்தால் வாடிக்கையாளர் திரும்பி வந்து சண்டை போடுவார். எல்லாக் கடையிலும் நடந்தது. அதைத் தொழில் என்றோம்.

வரிக்குதிரை

இவ்வளவு நேரமும் படித்துக்கொண்டே வந்தேன். பாடகர் வந்தார், குழு வந்தது, கடைக்காரர் வந்தார், சேமிப்பவர் வந்தார். பாட்டை எழுதியவர் ஒருவர் உண்டு என்று இதுவரை எவருக்கும் தோன்றவில்லை. நான் பாடலாசிரியை. கோலாலம்பூரில் உள்ளூர்த் தொகுப்புகளுக்கும் தொலைக்காட்சித் தொடர்களுக்கும் எழுதுகிறேன்.

இலவசமாகக் கொடுத்தால் பெயர் பரவும், மேடை வரும், கல்யாணம் வரும் என்கிறீர்கள். சரி. என்னைக் கல்யாண மேடைக்கு யார் கூப்பிடுவார்கள்? மைக்கைப் பிடித்து வரிகளை வாசித்துக் காட்டவா? மேடைதான் கூலி என்ற கணக்கில் ஆளில்லாமல் போகிறவர் எழுதுபவர். இசையமைப்பாளர் அடுத்த வாய்ப்புக்காக இந்தப் பாட்டை இலவசமாக விடலாம், அது அவருடைய முதலீடு. என் பங்கையும் சேர்த்து முதலீடு செய்ய அவருக்கு உரிமை எங்கிருந்து வந்தது?

2017இல் இளையராஜா தரப்பு எஸ்.பி.பி.க்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்பியது நினைவிருக்கிறதா? அப்போது பிரிக்ஃபீல்ட்ஸ் மாமாக் உணவுக் கடைகளில் எல்லாரும் நீதிபதிகள். இசையமைத்தவருக்கா, பாடியவருக்கா என்று மேசையைத் தட்டினார்கள். எழுதியவர் பெயர் அந்தச் சண்டையில் எத்தனை வாயில் வந்தது? இத்தனைக்கும் இந்தியாவில் 2012ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு பாடலாசிரியரின் உரிமைத்தொகைப் பங்கை ஒப்பந்தம் போட்டுக்கூடப் பறிக்க முடியாது, வாரிசுக்கோ உரிமைத்தொகை வசூலிக்கும் சங்கத்துக்கோ மட்டும்தான் மாற்றித் தரலாம்.

பிறைக்காரன் தம்பி, உங்கள் ஆறு பாடல்களை எழுதியவர் யார்?

பிறைக்காரன்

நான்கு நான் எழுதியவை. இரண்டை எழுதியவர் பட்டர்வொர்த்தில் ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியை. நட்பின் பேரில் எழுதினார், காசு பேசவில்லை.

வரிக்குதிரை

காசு பேசவில்லை என்பது தெரிந்ததுதான். எப்படி வெளியிடப் போகிறீர்கள் என்று பேசினீர்களா?

கிள்ளான் டிரம்மர்

அக்கா சொல்வது சரி. என்னைப் போல வாசிக்கப் போகிறவன் அன்றே கூலி வாங்கிக்கொண்டு வந்துவிடுவான், அதன் பிறகு பாட்டை விற்றாலும் சரி, தெருவில் இறைத்தாலும் சரி. எழுதுபவர்களுக்குத்தான் “பிறகு பார்க்கலாம்”.

சட்டப்புள்ளி

வழக்கறிஞர் அலுவலகத்தில் இருக்கிறேன். இங்கே எழுதுவது பொதுத் தகவல், ஆலோசனை அல்ல.

நம் மலேசியாவின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி பாட்டு ஒரே சொத்து அல்ல. மெட்டு இசைப் படைப்பு. வரிகள் இலக்கியப் படைப்பு. ஒலிப்பதிவு மூன்றாவது சொத்து. பாடியவர், வாசித்தவர் ஆகியோருக்கு நிகழ்த்துநர் உரிமை தனி. எங்கும் பதிவு செய்யாமலே இந்த உரிமைகள் பிறந்துவிடும். சான்று வேண்டுமென்றால் மைஐபிஓ என்ற அறிவுசார் சொத்துக் கழகத்தில் தானாக முன்வந்து அறிவிக்கும் வசதி 2012 முதல் இருக்கிறது.

பிறைக்காரன் கவனிக்க: கூலி கொடுத்து எழுதச் சொன்னால், வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், உரிமை எழுதச் சொன்னவருக்குப் போய்விட்டதாகச் சட்டம் கருதும். நீங்கள் நட்பில் வாங்கியவை. அந்த இரண்டு பாட்டின் வரிகளும் ஆசிரியையின் சொத்து என்றே வைத்துக்கொள்ளுங்கள். அவருடைய சம்மதம் இல்லாமல் இலவசமாகவும் கொடுக்க முடியாது, விற்கவும் முடியாது.

சேமிப்பாளர் அண்ணனுக்கு: இங்கே ஒலிப்பதிவின் பாதுகாப்பு வெளியான ஆண்டுக்குப் பிறகு 50 ஆண்டுகள். 1974இல் வெளிவந்த பதிவுக்கு 2024 முடிவோடு காலம் தீர்ந்தது. ஆனால் மெட்டும் வரியும் படைத்தவர் இறந்து 50 ஆண்டுகள் வரை நிற்கும். நாடா விடுதலையாகிவிட்டது, பாட்டு இன்னும் ஆகவில்லை என்ற நிலை உங்கள் சேமிப்பில் நிறைய இருக்கும்.

செந்தூல் ரசிகை

இப்படியே போனால் ஒரு பாட்டைப் புலனத்தில் அனுப்ப நான்கு பேரிடம் கையெழுத்து வாங்க வேண்டும் போலிருக்கிறது. பாரதியார் பாட்டைச் சென்னை அரசாங்கம் 1949இல் வாங்கியது, பிறகு மக்களுக்கே விட்டுவிட்டது. இசைத்தட்டில் பதியும் உரிமையை வைத்திருந்த ஏவி. மெய்யப்பச் செட்டியாரும் அதை விட்டுக்கொடுத்தார். அதனால்தான் இன்று நம் தமிழ்ப்பள்ளிகளில் எந்தக் குழந்தையும் பாரதி பாட்டைப் பாடுகிறது. பூட்டி வைத்திருந்தால் பாடியிருக்குமா? பகிர்ந்தால் பாட்டு வாழும். எனக்குத் தெரிந்த சட்டம் அவ்வளவுதான்.

வரிக்குதிரை

பாரதியை எடுத்துக்கொண்டு வந்தீர்களா, நல்லது. பாரதி இறந்தது 1921இல். அவர் உயிரோடு இருந்தபோது பாட்டுப் புத்தகத்தை அச்சிடக் காசு கேட்டுக் கடிதம் கடிதமாக எழுதினார். வந்தது சொற்பம். மக்களுக்கு விடும்போதும் அரசாங்கம் குடும்பத்துக்குப் பணம் கொடுத்துத்தான் வாங்கியது. நீங்கள் சொல்லும் உதாரணத்திலேயே எழுதியவர் பங்கை எவரோ கட்டியிருக்கிறார். நம் ஊர்ப் பாட்டுக்கு அதைக் கட்டப்போவது யார், நீங்களா?

செந்தூல் ரசிகை

கட்டுகிறேன். எங்கே கட்டுவது என்று சொல்லுங்கள். அதுதான் பிரச்சினையே! உள்ளூர்க் கலைஞருக்குப் பத்து வெள்ளி (ரிங்கிட்) கொடுக்க நினைத்தால் வழியே இல்லை. சிடி கிடையாது, கடை கிடையாது. ஸ்பாட்டிஃபை போன்ற ஒலியோடை நிறுவனங்களுக்கு மாதச் சந்தா கட்டுகிறேன், அது யாருக்குப் போகிறது என்று எனக்கு எப்படித் தெரியும்?

கிள்ளான் டிரம்மர்

பெரும்பாலும் உங்களுக்குப் பிடித்தவருக்குப் போவதில்லை. சந்தாவையும் விளம்பரப் பணத்தையும் ஒரே தொட்டியில் ஊற்றி, மொத்தக் கேட்பில் யாருக்கு எத்தனை பங்கு என்று பிரிக்கிறார்கள். ஒரு கேட்புக்கு இவ்வளவு என்ற நிலையான விலை கிடையாது. நீங்கள் மாதம் முழுவதும் பிறைக்காரன் பாட்டை மட்டும் கேட்டாலும் உங்கள் சந்தாவின் பெரும்பகுதி உலகப் புகழ் பெற்றவர்களுக்கே போகும். போதாக்குறைக்கு ஸ்பாட்டிஃபையில் 2024 முதல், முந்தைய 12 மாதங்களில் 1,000 முறை கேட்கப்படாத பாட்டுக்கு ஒலிப்பதிவுத் தொகையே கிடையாது. வலையொளியில் விளம்பரப் பங்கு வேண்டுமென்றால் 1,000 சந்தாதாரர், ஓராண்டில் 4,000 மணி நேரப் பார்வை என்பது வழக்கமான நுழைவாயில். நம்மைப் போன்றவர்களுக்கு அது இப்போதே இலவசம்தான், இலவசம் என்ற பெயர் மட்டும் இல்லை.

உறுமி பட்டர்வொர்த்

சரியாகச் சொன்னீர்கள். எப்படியும் காசு வராது என்றால், நாமே கொடுத்தோம் என்ற மனநிறைவாவது மிஞ்சட்டும்.

தோட்டப்பாட்டு சேமிப்பு

செந்தூல் சகோதரிக்கு ஒரு வழி: பேண்ட்கேம்ப். 2008இல் தொடங்கிய தளம். கலைஞர் விரும்பினால் “விலையை நீங்களே போடுங்கள்” என்று வைக்கலாம், சுழியம் போட்டும் இறக்கிக்கொள்ளலாம். எண்மப் பாடல் விற்பனையில் தளத்தின் பங்கு 15 விழுக்காடு, மீதியில் பணப் பரிமாற்றக் கட்டணம் போக கலைஞருக்கு. ரேடியோஹெட் குழு 2007 அக்டோபரில் ஒரு முழுத் தொகுப்பையே தன் இணையதளத்தில் இந்த முறையில் விட்டது.

கேசட் காலம்

அவர்கள் அதற்கு முன்பே அரங்கங்களை நிரப்பியவர்கள். உலகமே தெரிந்தவன் கதவைத் திறந்து வைத்தால் பெருந்தன்மை. பிறையில் யாருக்கும் தெரியாத பையன் திறந்து வைத்தால் உள்ளே வர ஆள் வேண்டுமே.

ஆனால் விலையை வாங்குபவரே முடிவு செய்வது எங்களுக்குப் புதிதல்ல. வெளியீட்டு விழாவில் உறைக்குள் என்ன வைப்பது என்று யார் சொன்னார்கள்? பத்து வெள்ளி சிடிக்கு ஐம்பது வைத்தவர் உண்டு, வெறும் உறையைக் கொடுத்துவிட்டுச் சாப்பிட்டுப் போனவரும் உண்டு. பிறைக்காரனின் மாமாவைக் குறைத்துப் பேசாதீர்கள். அந்த டத்தோ கொடுக்கும் முதல் உறைதான் பல தொகுப்புகளின் ஒலிப்பதிவுச் செலவு.

செந்தூல் ரசிகை

அந்த உறையையும் கைத்தொலைபேசிக்குக் கொண்டுவாருங்கள் ஐயா. பணம் அனுப்பும் டூயிட்நவ் கியூஆர் குறியீட்டைக் காணொலியின் கடைசியில் வையுங்கள். புக்கிட் பிந்தாங் தெருப் பாடகர்கள் வைத்திருக்கிறார்களே. கேட்டு முடித்த கையோடு ஐந்து வெள்ளி அனுப்ப நான் தயார். வரிக்குதிரை அக்காவுக்கும் ஒரு குறியீடு வையுங்கள்.

வரிக்குதிரை

என் படத்தைப் போட்டு வேண்டாம். பெயர் போதும். 😄

நெறியாளர்

உரிமத்தைப் பற்றித் தனிமடலில் சிலர் கேட்டிருந்தீர்கள். சட்டப்புள்ளி இங்கேயே பதில் சொன்னால் எல்லாருக்கும் உதவும். திருட்டுத் தளங்களின் இணைப்பைப் போட்ட இரண்டு பதிவுகள் நீக்கப்பட்டுள்ளன.

சட்டப்புள்ளி

இலவசமாக விடுவது என்று முடிவு செய்தால் “எல்லாரும் எடுத்துக்கொள்ளுங்கள்” என்று வாயால் சொல்லாதீர்கள். கிரியேட்டிவ் காமன்ஸ் என்ற பொது உரிமங்கள் 2002 முதல் இருக்கின்றன. பெயர் குறிப்பிட வேண்டும் என்பது அந்த உரிமங்கள் எல்லாவற்றிலும் உண்டு. வணிகத்துக்குப் பயன்படுத்தக் கூடாது, மாற்றக் கூடாது என்ற நிபந்தனைகளில் எவை வேண்டுமோ அவற்றைச் சேர்த்துக்கொள்ளலாம். உறுமி அண்ணனின் பாட்டுக்குப் பெயர், வணிகத்தடை ஆகிய இரண்டும் இருந்திருந்தால், “விளம்பரம்தானே” என்ற பதிலுக்கு வாய்ப்பே இல்லை. காவடிக் காணொலி எடுத்தவர் மீதும் யாரும் பாய முடியாது.

இரண்டு எச்சரிக்கை. கொடுத்த உரிமத்தை வாங்கியவரிடமிருந்து திரும்பப் பெற முடியாது. நாளை பாட்டு பெரிதாகிவிட்டது என்று மனம் மாறினால் புதிதாக வருபவர்களுக்கு நிறுத்தலாம், அவ்வளவுதான். அடுத்து, எம்ஏசிபி போன்ற உரிமைத்தொகை அமைப்பில் சேர்ந்திருந்தாலோ, சேரும் எண்ணம் இருந்தாலோ, அங்கே உரிமையை ஒப்படைத்துக் கையெழுத்துப் போடுகிறீர்கள். ஒப்படைத்ததை வேறு இடத்தில் இலவசமாகவும் கொடுக்க முடியுமா என்பதை அந்தப் பத்திரத்தைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள். வானொலியில் பாட்டு ஓடும் வாய்ப்புள்ளவர்கள் இந்தத் தொகையை அலட்சியம் செய்யாதீர்கள். எழுதியவருக்கு மேடை இல்லாமலே வரும் பணம் அது.

வரிக்குதிரை

கடைசி வரியைக் கொட்டை எழுத்தில் போட்டிருக்கலாம்.

பிறைக்காரன்

எல்லாருக்கும் நன்றி. ஆசிரியையிடம் பேசிவிட்டேன். பாட்டு நூறு பேருக்குப் போனாலும் ஆயிரம் பேருக்குப் போனாலும் தனக்கு மகிழ்ச்சி, ஆனால் தான் எழுதிய தாலாட்டுக்கு நடுவில் எவனோ கடன் விளம்பரம் ஓட்டினால் பொறுக்க மாட்டேன் என்றார். காசைப் பற்றிக் கேட்டேன். வந்தால் பாதி, வராவிட்டால் பரவாயில்லை என்று எழுதியே கொடுத்துவிட்டார், நானும் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

அவருடைய இரண்டு பாடல்களையும் பெயர், வணிகத்தடை நிபந்தனைகளோடு இலவசமாக விடுகிறோம், எங்கள் வலையொளிப் பக்கத்திலும் அவற்றுக்கு விளம்பரம் இல்லை. என்னுடைய நான்கும் பேண்ட்கேம்பில், விலை பாட்டைக் கேட்பவர் விருப்பம். உரிமைத்தொகை அமைப்பில் சேருவதை யோசித்து அந்த நான்கையும் உரிமம் எதற்கும் உட்படுத்தாமல் வைத்திருக்கிறேன். மாமாவுக்காகச் சிறிய விழா உண்டு, சிடி இல்லாமல், நுழைவாயிலில் கியூஆர் அட்டை. டத்தோவிடம் அட்டையைக் கொடுத்துப் படம் எடுத்தால் நன்றாகவா இருக்கும் என்று இன்னும் முனகிக்கொண்டிருக்கிறார்.

கேசட் காலம்

அட்டையைப் பெரிதாக அச்சிட்டுச் சட்டம் போட்டுக் கொடுங்கள். டத்தோக்களுக்குக் கையில் பிடிக்க ஏதாவது வேண்டும்.

தமிழ்ப்பள்ளி டீச்சர்

புதிதாக வருகிறேன், மன்னிக்கவும். அந்தத் தாலாட்டுக்குக் கரோக்கே இசை கிடைக்குமா? பள்ளி நிகழ்ச்சிக்குச் சின்னப் பிள்ளைகள் பாட வேண்டும். எப்போதும் சினிமாப் பாட்டின் கரோக்கேதான் கிடைக்கிறது, அதையே பாடிப் பாடிச் சலித்துவிட்டது. ஆண் குரலுக்கு அமைத்திருந்தால் பிள்ளைகளுக்கு எட்டாது, சுருதியை ஏற்றித் தர முடியுமா?

பிறைக்காரன்

தம்பி பாடியது ஒன்றரைக் கட்டையில். ஐந்து கட்டைக்கு மாற்றி வாரக் கடைசிக்குள் இங்கேயே இணைப்புப் போடுகிறேன் டீச்சர். கட்டணம் எதுவும் வேண்டாம். நிகழ்ச்சி நிரலில் பாடல் வரிகள் என்று போட்டு ஆசிரியையின் பெயரை அச்சிட்டுவிடுங்கள், என் பெயர் அதற்குக் கீழே வந்தால் போதும்.